டொப் ஸ்பின் சரிவரவில்லையா? பந்து போய் விழும் இடத்திலிருந்து தொடங்குங்கள்

மேசைப்பந்து பழகும் பிள்ளைகளுக்கு டொப் ஸ்பின் (பந்தை முன்னோக்கிச் சுழல வைக்கும் அடி) பிழைத்தால் முதல் பழி மட்டையில் ஒட்டியிருக்கும் ரப்பருக்குத்தான். "சேர், ரப்பர் போயிட்டுது" என்பார்கள். வீட்டில் காசு கேட்டு, கொழும்பில் இருக்கும் யாரிடமோ சொல்லி, புது ரப்பர் வந்து சேரும். ஒட்டிய அன்று பின்னேரமே பந்து பழையபடி வலைக்குள் போகும். கல்லடியிலிருந்து கல்முனை, அக்கரைப்பற்று வரை எந்த மண்டபத்திலும் இந்தக் கதைதான். உண்மையில் பெரும்பாலான பிழைகள் ஒரு ரூபாய் செலவில்லாமல் தீரக்கூடியவை.

ஆகவே கீழே ஒவ்வொரு பிழைக்கும் செலவில்லாத காரணத்தை முதலிலும், காசு போகும் காரணத்தைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன். உங்கள் பந்துக்கு என்ன நடக்கிறதோ அந்தத் தலைப்புக்குப் போங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மட்டையின் கோணத்தையும் கால் வைப்பையும் சேர்த்து மாற்றினால் எது சரிப்படுத்தியது என்று தெரியாமல் போய்விடும். எல்லாம் வலக்கையால் ஆடுபவருக்கு எழுதியது. இடக்கைக்காரர் பக்கத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.

## எந்தப் பிழை என்றாலும் முதலில் இது

பள்ளிக்கூட அடிமட்டம் ஒன்று போதும். வலையின் உயரம் 15.25 சென்ரிமீற்றர், அதாவது 6 அங்குலம். அடிமட்டத்தை மேசையில் நிறுத்தி நடுவிலும் இரண்டு ஓரங்களிலும் பாருங்கள். நடுவில் தொய்ந்த வலையில் பழகிய பிள்ளை, இறுக்கிக் கட்டிய வலையில் ஆடப் போனால் பந்தெல்லாம் வலையின் மேல்விளிம்பு நாடாவில் படும். அதற்கு அடியை மாற்றக்கூடாது, வலையை இழுத்துக் கட்ட வேண்டும்.

அப்புறம் 30 சென்ரிமீற்றர் உயரத்திலிருந்து பந்தை மேசையில் விடுங்கள். நல்ல மேசையில் 23 சென்ரிமீற்றர் அளவுக்கு எழும்பும். கூரை ஒழுக்கில் நனைந்து ஊதிய பலகை என்றால் சில இடங்களில் பந்து எழும்பவே எழும்பாது. அந்த இடங்களைச் சோக்கால் வட்டமிட்டு வையுங்கள். அங்கே விழுந்த பந்தைக் கணக்கில் எடுக்க வேண்டாம். பந்தையும் மேசையில் வைத்துச் சுழற்றிப் பாருங்கள். தள்ளாடிச் சுற்றுகிற பந்து உருண்டையாக இல்லை, அதை ஒதுக்குங்கள்.

கடைசியாக ரப்பரைத் துடையுங்கள். தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த ஸ்பொஞ்சால் மெதுவாகத் துடைத்து, நிழலில் உலர விடுங்கள். சவர்க்காரமும் ஸ்பிரிட்டும் வேண்டாம். வேர்வை பிடித்த சேர்ட்டில் தேய்ப்பதும் வேண்டாம். எண்ணெய்ப் பசையும் தூசியும் போனாலே சிலருடைய "பிழை" அங்கேயே முடிந்துவிடும்.

## பந்து வலைக்குள் விழுகிறது

உங்களுக்கு வந்த பந்து புஷ்ஷா (அடியில் வெட்டித் தள்ளியது), புளொக்கா (மட்டையை வைத்துத் தடுத்துத் திருப்பியது)? இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு.

### புஷ் பண்ணிய பந்தைத் தூக்கும்போது

அதிகம் பேர் திணறுவது இங்கேதான். புஷ்ஷில் வரும் பின்சுழற்சி, மட்டையில் பட்டதும் பந்தைக் கீழே தள்ளும். கூட ஆடுபவரை ஒரே மாதிரிப் புஷ் பண்ணச் சொல்லிவிட்டு, வலையின் எந்த இடத்தில் பந்து படுகிறது என்று பாருங்கள்.

வலையின் அடியிலோ உங்கள் பக்க மேசையிலோ விழுந்தால் மட்டையின் முகம் அளவுக்கு மீறிக் கீழே கவிழ்ந்திருக்கிறது. புளொக்குக்கு அடிக்கும் அதே கோணத்தில் புஷ்ஷுக்கும் அடிப்பவர்களுக்கு இது வரும். மட்டையைக் கிட்டத்தட்ட நேராகும் வரை நிமிர்த்துங்கள். வீச்சு முன்னால் போவதைவிட மேலே போகட்டும். இதற்கு நான் நம்புகிற சோதனை ஒன்று உண்டு: வேண்டுமென்றே பந்தை மேசையைத் தாண்டி வெளியே அனுப்பப் பாருங்கள். அனுப்ப முடிகிறது என்றால் தூக்கும் பலம் இருக்கிறது, கோணம்தான் பிழை. அங்கிருந்து சிறிது சிறிதாகக் கவிழ்த்துக்கொண்டு வந்தால் மேசைக்குள் விழத் தொடங்கும். எவ்வளவு நிமிர்த்தினாலும் வெளியே அனுப்ப ஏலாவிட்டால் பிழை மட்டையில் இல்லை, காலில்.

நாடாவில் பட்டுப் பட்டு விழுந்தால் கோணம் ஏறக்குறைய சரி. மட்டை புறப்படும் இடம்தான் பிழை. போனை மேசை உயரத்தில் பக்கவாட்டில் வைத்து ஸ்லோ மோஷனில் எடுங்கள். பந்து உங்கள் பக்கத்தில் குத்தும் நேரத்தில் மட்டை மேசை மட்டத்துக்குக் கீழே, வலது முழங்காலுக்குச் சற்று மேலே நிற்க வேண்டும். கையை மட்டும் தொங்கவிட்டு அங்கே கொண்டுபோவது கணக்கில்லை. முழங்கால் மடிய வேண்டும், இடுப்பு வலப்பக்கம் கிறுக வேண்டும், பாரம் வலது காலில் இறங்க வேண்டும். முழங்கால் மடியாதவர் கையாலேயே தூக்குவார். நாலைந்து பந்து போகும். கை களைத்ததும் அடுத்தது நாடாவில்.

காலும் சரி, கோணமும் சரி என்றால் நேரத்தைப் பாருங்கள். பந்து உச்சிக்குப் போய்ச் சற்றே இறங்கத் தொடங்கும்போது தொடுவது பழகுகிறவருக்குச் சுகம். மேசை மட்டத்துக்குக் கீழே விழும் வரை காத்திருந்தால் தூக்க வேண்டிய தூரம் கூடிவிடும். முந்திக்கொண்டு எழும்பும் பந்தில் அடித்தால் பின்சுழற்சி முழுதாக உங்கள் தலையில்தான்.

சில பந்து மட்டும் வலைக்குள், மற்றவை சரி என்றால், எதிராளி சுழற்சியைக் கூட்டிக் குறைக்கிறார். அவருடைய மட்டை பந்தைத் தொடும் அந்தக் கணத்தை மட்டும் பாருங்கள். வேகமாகவும் மெல்லிசாகவும் அடியில் வெட்டினால் சுழற்சி அதிகம். சும்மா முட்டித் தள்ளினால் குறைவு. தொட்ட பிறகு அவர் காட்டும் வீச்செல்லாம் உங்களை ஏமாற்றத்தான்.

இவ்வளவும் பார்த்து, ஒழுங்காக ஆடியும் சில வாரங்களில் மாற்றம் இல்லை என்றால் பயிற்றுவிப்பாளர் ஒருவரைத் தேடுங்கள். ஒரு வாளிப் பந்தை வைத்துக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாக ஒரே சுழற்சியில் போட்டுத் தரக்கூடியவர் வேண்டும். அது கூட்டாளியால் ஆகாத காரியம், அவருக்கும் கை களைக்கும். யாரிடம் போவது என்று தெரியாவிட்டால் உங்கள் பிரதேச செயலகத்தில் இருக்கும் விளையாட்டு உத்தியோகத்தரிடம் கேட்டுப் பாருங்கள்.

### புளொக் பண்ணிய பந்தை அடிக்கும்போது

இது பெரும்பாலும் பிந்துவதால் வருவது. புளொக் வேகமாகத் திரும்பி வரும். புஷ்ஷுக்கு எடுத்த அதே பெரிய பின்வீச்சை எடுத்தால் மட்டை வந்து சேர முன் பந்து போய்விடும். பின்வீச்சைப் பாதியாக்குங்கள். மட்டை மேசை மட்டத்துக்குக் கீழே போக வேண்டியதில்லை, பந்தின் உயரத்துக்குச் சற்றுக் கீழே இருந்தால் போதும். அப்படியும் வலைக்குள் போனால், கவிழ்த்திருக்கும் மட்டையை ஒரு பொட்டு நிமிர்த்துங்கள்.

### ஒருவரோடு ஆடும்போது மட்டும் வலைக்குள் போகிறது

அவருடைய மட்டையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கேட்பது உங்கள் உரிமை. ஒரு பக்கம் நீளமான பரு ரப்பர் (மேற்பரப்பில் நீண்ட பருக்கள் துருத்தி நிற்பது) ஒட்டியிருந்தால் காரணம் அதுதான். நீங்கள் கொடுத்த டொப் ஸ்பின் அந்த ரப்பரில் பட்டு உங்களுக்கே பின்சுழற்சியாகத் திரும்பும். புளொக் போலத் தோன்றும், ஆனால் புஷ் போல நடந்துகொள்ளும். இரண்டாவது பந்தை மேலே தூக்கி அடியுங்கள், அல்லது பொறுமையாகப் புஷ் பண்ணுங்கள். மட்டையின் ஒரு பக்கம் கறுப்பாகவும் மறு பக்கம் வேறு நிறமாகவும் இருக்க வேண்டும் என்பது விதி. எந்த நிறத்தில் பரு என்று ஆட்டம் தொடங்க முதலே மனதில் வைத்துக்கொள்ளுங்கள், சிலர் நடுவில் மட்டையைத் திருப்புவார்கள்.

## பந்து மேசையைத் தாண்டிப் போகிறது

காதைக் கொடுத்துக் கேளுங்கள். "டொக்" என்று மரச்சத்தம் பெரிதாக வந்தால் பந்தை உரசவில்லை, நேராக மோதியிருக்கிறீர்கள். பந்தை முன்னோக்கி வளைத்துக் கீழே இறக்குவது சுழற்சிதான். அது இல்லாத பந்து வேகத்தில் வெளியே போகும். வேகத்தைப் பாதியாகக் குறைத்து, உரசலை மட்டும் கூட்டி அடித்துப் பாருங்கள். உள்ளே விழத் தொடங்கினால் அதுதான் காரணம்.

சத்தம் சரியாக இருந்தும் வெளியே போனால் பந்தை எங்கே தொடுகிறீர்கள் என்று பாருங்கள். வலது இடுப்புக்கு முன்னால் தொட வேண்டும். உடம்புக்குப் பக்கத்திலோ பின்னாலோ போன பிறகு தொட்டால் மட்டை தானாக வானத்தைப் பார்க்கும். அதை மணிக்கட்டால் திருத்தப் பார்க்க வேண்டாம். ஒரு சின்ன எட்டு வைத்து நிற்கும் இடத்தைத் திருத்துங்கள்.

எதிராளியின் டொப் ஸ்பின்னுக்கு நீங்களும் டொப் ஸ்பின் அடிக்கும்போது மட்டும் வெளியே போகிறதா? மட்டையை இன்னும் கவிழ்த்து, பந்தின் மேற்பகுதியைத் தொட்டு, மேலே தூக்காமல் முன்னால் போங்கள்.

செலவான காரணம் கடைசியில். பழகத் தொடங்கி ஆறு மாதமாகாத பிள்ளையின் கையில் கார்பன் பிளேட்டும் (பிளேட் என்பது ரப்பர் ஒட்டும் பலகை) டெனர்ஜி 05 போன்ற வேகமான ரப்பரும் இருப்பதைக் காண்கிறேன். வெளிநாட்டிலிருந்து மாமா அன்பாக அனுப்பியது, குறை சொல்லவும் ஏலாது. ஆனால் அந்த மட்டையில் பந்து தங்குகிற நேரம் குறைவு, உரசக் கற்றுக்கொள்ள முன் பந்து பறந்துவிடும். யாரிடமாவது சாதாரண மரப் பிளேட், ரப்பருக்கு அடியில் 1.8 அல்லது 2.0 மில்லிமீற்றர் ஸ்பொஞ் உள்ளது, இரவல் வாங்கி ஒரு கிழமை ஆடிப் பாருங்கள். அதில் உள்ளே விழுந்தால் மாமாவின் மட்டையைப் பத்திரமாக எடுத்து வைத்து, பிறகு ஆடலாம்.

## மேசையில் விழுகிறது, ஆனால் சுழற்சி இல்லை

இது கண்டுபிடிக்கக் கஷ்டமான பிழை, ஏனென்றால் ஆடுபவருக்கு எல்லாம் சரியாகவே தெரியும். எதிராளி மட்டும் சிரமமில்லாமல் திருப்பித் தள்ளிக்கொண்டிருப்பார்.

சுழற்சி உண்டா இல்லையா என்று முதலில் உறுதிப்படுத்துங்கள். பந்தின் பாதியை மார்க்கரால் கறுப்பாக்கி அடியுங்கள். பறக்கும்போது கறுப்பும் வெள்ளையும் தனித்தனியாகத் தெரிந்தால் சுழற்சி குறைவு. கலங்கி ஒரே நிறமாகத் தெரிந்தால் நல்லது. இன்னொன்று: கூட ஆடுபவர் மட்டையை நேராக, அசையாமல் பிடித்திருக்கட்டும். சுழற்சி உள்ள பந்து அதில் பட்டதும் மேலே எகிறி மேசைக்கு வெளியே போகும். சாதுவாகத் திரும்பி வந்தால் நீங்கள் தட்டியிருக்கிறீர்கள், சுழற்றவில்லை.

முதல் காரணம் தொடுகை. தீப்பெட்டியில் குச்சியை உரசுகிற மாதிரி மட்டை பந்தின் மேல் ஓட வேண்டும். குத்தினால் குச்சி முறியும், பற்றாது. மேசையை விட்டு விலகி, இடது கையால் பந்தை நிலத்தில் விட்டு, எழும்பும்போது கீழிருந்து மேலாக முன்னோக்கி உரசுங்கள். நிலத்தில் மறுபடி குத்தியதும் பந்து முன்னால் பாய்ந்து ஓட வேண்டும். சின்னப் பிள்ளைகள் இதை வீட்டு முற்றத்திலேயே பழகலாம்.

இரண்டாவது, இறுக்கம். மட்டைப் பிடியை நசுக்கிப் பிடிப்பவரின் முன்கை கல்லாகிவிடும், மணிக்கட்டு பூட்டிக்கொள்ளும். பந்தைத் தொடும் வரை தளர்வு, தொடும் கணத்தில் மட்டும் இறுக்கம். வீச்சு தொடக்கத்திலேயே வேகமாகி, பந்திடம் வரும்போது ஓய்ந்துவிடுகிறதா என்றும் வீடியோவில் பாருங்கள். வேகம் கூட வேண்டிய இடம் தொடும் இடம்.

இதெல்லாம் சரி என்றால்தான் ரப்பரைச் சந்தேகிக்கலாம். பந்தை ரப்பரில் விரலால் அழுத்திப் பக்கவாட்டாக இழுங்கள். முதலில் நடுவில், பிறகு பந்து அதிகம் படாத, பிடிக்கு அருகில் உள்ள பகுதியில். பிடிக்கு அருகில் ரப்பர் பந்தைப் பிடித்து இழுபட்டு, நடுவில் மட்டும் வழுக்கினால் ரப்பர் தேய்ந்துவிட்டது. இரண்டு இடத்திலும் வழுக்கினால் அது தொடக்கத்திலிருந்தே பிடிப்பில்லாத ரப்பர். கடைகளில் சோடியாக உறையில் வரும் மலிவான மட்டைகள் பல இந்த ரகம். அதை வைத்து டொப் ஸ்பின் பழகச் சொல்வது பிள்ளைக்குச் செய்யும் அநியாயம். புது மட்டை வாங்க வேண்டிய இடம் இதுதான்.

வாங்கும்போது ஒன்று. ஹரிக்கேன் 3 போன்ற ஒட்டும் தன்மையுள்ள கடின ரப்பர் பெரிய ஆட்டக்காரர் கையில் இருப்பதைப் பார்த்துவிட்டு அதையே கேட்பார்கள். முழு உடம்பையும் போட்டு வீசுபவருக்கு அது நல்லது. சின்ன வீச்சுக்காரருக்கு மென்மையான ஸ்பொஞ் உள்ளதுதான் பந்தைப் பிடிக்கும்.

## மட்டையின் விளிம்பில் படுகிறது, அல்லது படவேயில்லை

பந்தைத் தொட முன்பே தலை நிமிர்ந்து எதிர்ப்பக்கத்தைப் பார்ப்பதுதான் வழமையான காரணம். பந்தில் எழுதியிருக்கும் எழுத்து நிறத்தை ஒவ்வோர் அடிக்கும் வாயால் சொல்லச் சொல்லுங்கள். தலை தானாக நிற்கும். மிக மெல்லிசாக உரசப் போய்த் தவறவிடுபவர் கொஞ்ச நாள் தடிப்பாகவே தொடட்டும். மேசைக்கு ஒட்டி நின்று கை மடங்குபவர் அரை எட்டுப் பின்னால் போகட்டும்.

இவை எதுவும் பலிக்காமல், பந்து கிட்ட வரும்போது பிள்ளை கண்ணைச் சுருக்குகிறது என்றால் பயிற்சியை நிறுத்திவிட்டு கண் வைத்தியரிடம் காட்டுங்கள். மண்டபத்து வெளிச்சம் போதாமையும் காரணமாகலாம், ஆனால் அதை மற்றப் பிள்ளைகளைப் பார்த்தே அறியலாம்.

## முதல் அடி சரி, அடுத்த அடி பிழை

மட்டை எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள். இடது தோளைத் தாண்டி முதுகுப் பக்கம் சுற்றினால் திரும்பி வர நேரம் இருக்காது. நெற்றிக்கு முன்னால் நிற்க வேண்டும். அங்கே நின்றும் பிந்தினால், அடித்த பிறகு பாரம் இடது காலிலேயே தங்கிவிடுகிறது. அடி, உடனே இரண்டு குதிக்காலும் லேசாக எழும்ப நடுவுக்கு வா. இதை பந்தில்லாமலே பழகலாம்.

## பக்ஹாண்டில் மட்டும் பிழைக்கிறது

பக்ஹாண்ட் என்றால் புறங்கை முன்னே பார்க்க அடிப்பது. முழங்கை வயிற்றோடு ஒட்டியிருந்தால் மட்டைக்கு ஓட இடமில்லை. முழங்கையை ஒரு சாண் முன்னால் கொண்டுவாருங்கள். மட்டையின் நுனி தொடக்கத்தில் உங்களைப் பார்க்கட்டும், மணிக்கட்டு உள்ளே மடியட்டும், பந்தை நெஞ்சுக்கு நேரே முன்னால் தொடுங்கள். சுட்டுவிரல் ரப்பரின் நடுவரை ஏறியிருந்தால் மணிக்கட்டு அசையாது. விரலைக் கீழ் விளிம்போடு இறக்குங்கள்.

## நேற்றுச் சரி, இன்று பிழை

அடியை மாற்ற முன் வானத்தைப் பாருங்கள். கார்த்திகை, மார்கழி மழையில் நம்முடைய மண்டபங்களில் எல்லாம் ஈரம். பந்திலும் ரப்பரிலும் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் பிடித்தால் பந்து வழுக்கி வலைக்குள் இறங்கும். பந்தைத் துவாயால் துடைத்து அடித்துப் பாருங்கள். முதல் இரண்டு அடி நன்றாகப் போய்ப் பிறகு கெட்டால் ஈரம்தான். போட்டியில் ஒவ்வொரு 6 புள்ளிக்கும் துவாய் எடுக்க அனுமதி உண்டு, அதை விடாதீர்கள்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் வேறு தொல்லை. புழுக்கத்துக்கு யன்னலைத் திறந்தால் 2.7 கிராம் பந்து காற்றோடு போகும். ஒரு பக்கத்தில் நின்றால் வெளியே, பக்கம் மாறினால் வலைக்குள் என்றால் காற்று. யன்னலைச் சாத்துங்கள், அல்லது பழக்கத்தை விடியலுக்கு மாற்றுங்கள்.

மட்டையை மோட்டார் சைக்கிள் இருக்கைக்கு அடியில் வெயிலில் வைத்துவிட்டு வந்தீர்களா? ரப்பரைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். கொப்புளம் தெரிந்தாலோ, விரலால் தட்டும்போது ஓரிடத்தில் மட்டும் செத்த சத்தம் கேட்டாலோ பசை விட்டிருக்கிறது. திரும்ப ஒட்டச் சைக்கிள் பஞ்சருக்குப் பூசும் சொலூஷனை எடுக்க வேண்டாம். கரைப்பான் கலந்த பசைகள் ஸ்பொஞ்சை ஊத வைக்கும். சர்வதேசப் போட்டிகளில் அவை 2008 இலிருந்தே தடை. தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட மேசைப்பந்துப் பசை வாங்கி, முன்பு ஒட்டிப் பழகிய ஒருவரிடம் கொடுங்கள். ரப்பர் ஒருமுறை கிழிந்தால் கிழிந்ததுதான்.

## அடிக்கும்போது வலிக்கிறது

தோள் வலித்தால் இடுப்பு கிறுகாமல் கை மட்டும் வேலை செய்கிறது. புஷ்ஷைத் தூக்கும் பகுதிக்குத் திரும்பப் போங்கள். முழங்கையின் வெளிப்பக்கம் வலித்தால் பிடி இறுக்கத்தையும் மட்டையின் எடையையும் பாருங்கள். இரண்டு பக்கமும் ரப்பர் ஒட்டிய மட்டை வழமையாக 170 முதல் 190 கிராம் வரும். பத்து வயதுப் பிள்ளைக்கு அதைவிடக் குறைந்தது நல்லது. கடையில் தராசு இருந்தால் வைத்து நிறுத்துவிடுங்கள்.

ஒரு கிழமை ஓய்வெடுத்தும் வலி போகாவிட்டால், இரவில் வலித்தால், கையைத் தலைக்கு மேலே தூக்க ஏலாவிட்டால், தைலம் பூசி உருவிக்கொண்டு ஆட வேண்டாம். வைத்தியரிடம் காட்டி, அவர் சொன்னால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை போன்ற பெரிய வைத்தியசாலையில் இயன்மருத்துவரைப் பாருங்கள். போகும்போது உங்கள் அடியின் ஸ்லோ மோஷன் வீடியோவையும் போனில் வைத்திருங்கள், எந்த அசைவில் வலிக்கிறது என்று காட்டச் சுகமாக இருக்கும்.